பல கருவிகள், ஒரே கணக்கு

உழைப்பவருக்கு நேரமே கூலியின் அளவுகோல். எந்நாள் வந்தார், எப்பொழுது வந்தார் என்னும் குறிப்பே பின்னர்ப் பணமாக அவர் கைக்கு வருகின்றது. ஒரு கடிகாரமும் ஒரு பதிவேடும் இருந்த காலத்தில் அக்குறிப்பைக் காப்பது எளிதாக இருந்தது. இன்றோ ஒருவரது வேலைநேரம் கைப்பேசியிலும், அலுவலகக் கணிப்பொறியிலும், தொலைவிலுள்ள சேமிப்பகத்திலும் தனித்தனியே பதிவாகின்றது. இவை யாவும் ஒன்றையே கூறுமாறு செய்வதை ஒத்திசைத்தல் என்கிறோம். இது பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. கூலி பெறும் ஒவ்வொருவர்க்கும் உரியது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

கடிகாரங்கள் ஒன்றுபட்ட வரலாறு

முற்காலத்தில் அந்தந்த ஊரின் கதிரவனே அந்தந்த ஊருக்குக் கடிகாரம். இரயிலும் தந்தியும் வந்தபின் அது போதவில்லை. 1792இல் அமைந்த சென்னை வானாய்வகம் கணித்த நேரம், தந்தி வழியே இரயில் நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்டது. அச்சென்னை நேரம் கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 சனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் முந்திய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், இரயிலில் தனுஷ்கோடி வரை சென்று அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சேரும் வழி உண்டாயிற்று. நிலையத்தின் கடிகாரமும் கப்பலின் கடிகாரமும் மாறுபட்டால் பயணி கரையிலேயே நின்றுவிட நேரும். எனவே, பல கடிகாரங்கள் ஒரு மூலத்தைப் பின்பற்றவேண்டும் என்னும் பாடம் நம் கடற்கரைக்குப் புதிதன்று.

மற்றொரு செய்தியும் உண்டு. 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தியது. அவ்வாண்டு அக்டோபரில் அது அரைமணி நேரமாகக் குறைந்தது. 2006 ஏப்ரலில்தான் இருகரையும் மீண்டும் ஒரே நேரத்திற்கு வந்தன. அக்காலத்தில் 'காலை 8 மணி' என்று மட்டும் எழுதிய குறிப்பு, எக்கரையின் 8 மணி என்பதைக் கூறாது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, கணிப்பொறிகள் நிகழ்ச்சியை உலகப் பொது நேரத்தில் எழுதி வைத்து, பார்ப்பவர்க்கு உள்ளூர் நேரத்தில் காட்டுகின்றன.

நூறு நாள் வேலையும் கைப்பேசியும்

கண்மாய்களை நம்பி வாழும் இம்மாவட்டத்தில், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த நூறு நாள் வேலை ஏழைக் குடும்பங்களுக்குப் பற்றுக்கோடாக இருந்தது. அவ்வேலையின் வருகைப் பதிவு நெடுங்காலம் காகிதத்தில் நடைபெற்றது. 2021 மே மாதத்தில் நடுவணரசு அதற்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றை அறிமுகம் செய்து, 2023 சனவரி 1 முதல் தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக ஏனைய பணித்தளங்களில் கட்டாயமாக்கியது. பணித்தளப் பொறுப்பாளர், தொழிலாளர்களை நாளுக்கு இருமுறை நேரமும் இடமும் பொறித்த ஒளிப்படமாக எடுத்து அனுப்பவேண்டியிருந்தது. அலைத்தொடர்பும் கைப்பேசியும் கைவிட்டதால் கூலி இழந்தோம் என்று கூறி, 2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் தில்லியில் போராட்டம் தொடங்கினர். மறுபுறம், தொடர்பற்ற படங்களும் படத்தையே படமெடுத்த படங்களும் ஏற்றப்படுவதை 2025 சூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் அச்சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மாறினும் சிக்கல் மாறவில்லை.

எங்கே பிழை நேர்கின்றது?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். கண்மாய்க் கரையில் காலை 7 மணிக்கு ஒரு பெண்மணி வேலைக்கு வருகிறார். பொறுப்பாளரின் கைப்பேசி 'வந்தார்' எனப் பதிகின்றது. ஆனால் அங்கு அலைத்தொடர்பு இல்லை. பதிவு கைப்பேசியிலேயே தங்கிவிடுகின்றது. நண்பகலில் அலுவலகத்தில் இருப்பவர், எதுவும் வந்து சேராமையால் 'வரவில்லை' எனக் கணிப்பொறியில் குறிக்கின்றார். மாலையில் தொடர்பு கிடைத்துக் காலைப் பதிவு போய்ச் சேர்கின்றது. இப்போது எது நிற்கும்?

பல பொறிகள் பின்பற்றும் விதி, 'பிந்திய பதிவே வெல்லும்' என்பது. அவ்விதிப்படி நண்பகல் பதிவு காலைப் பதிவை அழித்துவிடும். எப்பொறியும் பழுதுபடவில்லை, எவரும் பொய் கூறவில்லை. ஆயினும் நாள் முழுதும் மண் சுமந்தவரின் ஒரு நாள் கூலி போய்விட்டது!

கைப்பேசியின் கடிகாரமே தவறாக இருப்பின் குழப்பம் மேலும் பெருகும். சாதாரணப் படிகக் கடிகாரம் நாளுக்கு ஓரிரு நொடி பிசகக்கூடும். கையால் திருத்திய கடிகாரமோ மணிக்கணக்கில் பிசகலாம்.

வணிகர் காட்டிய வழி

இதற்குத் தீர்வு நம் கடற்கரை வணிகரின் கணக்கேட்டிலேயே உள்ளது. தேர்ந்த கணக்கர் எழுதிய வரியை அழிக்கமாட்டார். பிழை கண்டால் வேறொரு வரி எழுதி நேர்செய்வார். இம்முறையைக் கருவிகளுக்கும் பொருத்தலாம்.

முதலாவது, ஒவ்வொரு பதிவும் தனி எண்ணோடு தனி வரியாக நிற்கவேண்டும். ஒரே பதிவு இருமுறை வந்து சேர்ந்தாலும், எண் ஒன்றாகையால் ஒருமுறையே கணக்கிடப்படும்.

இரண்டாவது, நிகழ்ந்த நேரமும் வந்து சேர்ந்த நேரமும் தனித்தனியே குறிக்கப்படவேண்டும். தாமதமாக வந்த செய்தி, தாமதமாக வந்த தொழிலாளி ஆகிவிடக்கூடாது.

மூன்றாவது, 'செய்தி வரவில்லை' என்பதும் 'ஆள் வரவில்லை' என்பதும் வெவ்வேறானவை. முன்னதற்கு 'நிலுவை' என்றே எழுதவேண்டும்.

நான்காவது, இரு பதிவுகள் முரண்பட்டால் பொறி தானே தீர்ப்புக் கூறாமல், இரண்டையும் வைத்துக்கொண்டு பொறுப்புள்ள மனிதர் ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். அவர் தொழிலாளியையும் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

நிறைவாக ஒன்று கூறுவோம். கணிப்பொறி பயிலும் நம் மாணவர் பலர் நாளை இத்தகைய செயலிகளை எழுதப்போகின்றவர்கள். அலைத்தொடர்பு எப்போதும் உள்ள அறையில் அமர்ந்து எழுதுங்கால், அஃது இல்லாத கண்மாய்க் கரையையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வேலைக்குச் செல்லும் நம் உற்றாரும் வந்த நாளையும் நேரத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, வாரந்தோறும் பொறுப்பாளரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. எத்தனை கருவிகள் இருப்பினும், உழைத்தவர் கையிலும் ஒரு படி இருந்தால்தான் கணக்கு நேராகும்.