கமலை இழுக்கும் மோட்டார் சைக்கிள்

"எலெக்ட்ரிக் பைக் ஒன்று ஒருமுறை சார்ஜ் போட்டால் 323 கிலோமீட்டர் ஓடுமாமே, சென்னையில் ஏறி உட்கார்ந்தால் நிற்காமல் திருச்சி போய்விடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போகலாம். 42 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, சராசரி 22க்குள் இருக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திருச்சி சேரலாம்.

இது கிண்டல் இல்லை. அவர் சொல்வது பெங்களூரு அல்ட்ராவயலெட் நிறுவனத்தின் எஃப்77 மாக் 2. பெரிய பேட்டரி வகைக்கு 10.3 கிலோவாட்-மணி, அதாவது நம் மின்கட்டண அட்டையின் கணக்கில் 10.3 யூனிட். 323 என்ற எண் 'இந்திய ஓட்டச் சுழற்சி' என்ற அரசாங்கச் சோதனை முறையில் வந்தது. 108 விநாடியில் நின்று, கிளம்பி, 42 வரை ஏறி, மறுபடி நிற்க வேண்டும். இப்படியே திரும்பத் திரும்ப. ஒரு சுழற்சிக்கு முக்கால் கிலோமீட்டர்கூடத் தேறாது. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு இது நியாயமான சோதனைதான். நெடுஞ்சாலைக்கு இதை வைத்துக் கணக்குப் போடுவதில்தான் வம்பு.

விளம்பர எண்ணைத் திட்டித் தீர்ப்பதைவிட அதைக் கொஞ்சம் வகுத்துப் பார்ப்பது சுவையான வேலை. 10.3 யூனிட் என்பது ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம் ஜூல். அதை 3,23,000 மீட்டரால் வகுத்தால் 115 வரும். ஜூல்களை மீட்டரால் வகுத்தால் என்ன கிடைக்கும்? நியூட்டன். அதாவது விசை! கிலோமீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்று கேட்பதும், வண்டியை எவ்வளவு பலமாகப் பின்னால் இழுக்கிறார்கள் என்று கேட்பதும் ஒரே கேள்வி. எனக்கு இதில் இன்றுவரை சலிப்பு வந்ததில்லை. 'ரேஞ்ச்' என்று அச்சடித்துத் தருகிற ஒவ்வொரு துண்டுக் காகிதமும், தனக்கே தெரியாமல், ஒரு விசையை வாக்குமூலமாகக் கொடுத்துவிடுகிறது.

115 நியூட்டன் என்பது 12 லிட்டர் தண்ணீரின் எடை. கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். கிணற்றுக்கு மேலே உருளை, அதன் மேல் கயிறு, ஒரு முனையில் சால், மறுமுனையில் மாடு. மாடு சரிவில் நடக்க நடக்க சால் மேலே வரும். மாட்டின் இடத்தில் மோட்டார் சைக்கிளைக் கட்டுங்கள். சாலில் 12 லிட்டர். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் சால் ஒரு கிலோமீட்டர் ஏறும். 323 கி.மீ. ஓடினால் 323 கி.மீ. ஆழத்திலிருந்து தண்ணீர் வரும். அந்த ஆழத்தில் தண்ணீர் கிடையாது, பூமியின் மேலோட்டையும் தாண்டி எங்கோ போயிருப்போம், கயிற்றின் எடையே வண்டியைக் கிணற்றுக்குள் இழுத்துவிடும். இருக்கட்டும். கணக்குக்கு எடையில்லாத கயிறு.

விஷயம் சாலில் இருக்கிறது. வேகம் கூடினால் சாலில் தண்ணீர் ஏறும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது பள்ளிக்கூடப் பாடம். நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு ஆள், மறைப்பு அதிகமில்லாத பைக், இரண்டும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் தடையை அரை சதுர மீட்டர் என்று வையுங்கள். டயர் உருள்வதற்கு 40 நியூட்டன் சொச்சம். மோட்டாரிலும் மின்சுற்றிலும் சூடாகிப் போவது நூற்றுக்குப் பதினைந்து. இது சாலின் ஓட்டை. எல்லாம் சேர்த்தால் சீராக 40 கி.மீ. வேகத்தில் 10 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே நின்று நின்று கிளம்புகிற சோதனையில் 12 லிட்டர் என்பது நம்பக்கூடியதே, பொய் சொல்லவில்லை. 80இல் 23 லிட்டர். 100இல் 33. அதே பேட்டரி 80இல் 165 கி.மீ. இழுக்கும், விழுப்புரத்தைத் தொட்டுவிடலாம். 100இல் போனால் திண்டிவனத்துக்கு முன்பே வண்டியைத் தள்ள வேண்டும். என் ஊகங்களில் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். டேங்க் மேல் குனிந்து படுத்து ஓட்டினால் இன்னும் கொஞ்சம் போகும், முதுகு சம்மதித்தால்.

கமலையில் மாடு பின்னால் நடந்தால் சால் இறங்கும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தருவதையும் அப்படிச் சொல்லிவிடலாமே என்று கை துறுதுறுக்கிறது. முடியாது. இறைத்த தண்ணீரில் பெரும்பங்கை ஏற்கெனவே காற்று குடித்துவிட்டது, அது திரும்பாது. ஓட்டத்தில் மிச்சமிருக்கும் வேகத்தை மட்டுமே திருப்ப முடியும். நகரத்தில் அதனால் லாபம் உண்டு. நெடுஞ்சாலையில் பிரேக்கே பிடிக்காதவருக்கு என்ன லாபம்? 'பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும்' என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

வரலாறு என்று ஒரு பத்தி எழுதியாக வேண்டும். 1895இலேயே ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் பின்சக்கரத்தில் மோட்டார் வைத்த மிதிவண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மோட்டாருக்கு அன்றும் குறையில்லை. பேட்டரிதான் தகராறு. 1991இல் சோனி லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதை நகர்ந்தது. போதும்.

பேட்டரி அளவை நிறுவனம் சொல்லாவிட்டால்? ஹார்லி-டேவிட்சன் 2019 ஜனவரியில் லைவ்வயர் பைக்கின் விலையை அறிவித்தது: 29,799 டாலர். பேட்டரி எவ்வளவு என்பதை அப்போது சொல்லவில்லை. பிறகு தூரங்கள் வந்தன: நகரத்தில் 146 மைல், நகரமும் நெடுஞ்சாலையும் பாதிப் பாதியாகக் கலந்தால் 95. சாதாரண வீட்டுப் பிளக்கில் மணிக்கு 13 மைல் அளவுக்குச் சார்ஜ் ஏறும் என்றும் சொன்னார்கள். 146ஐ 13ஆல் வகுத்தால் பதினோரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அமெரிக்க வீட்டுப் பிளக்கில் தொடர்ந்து எடுக்கக்கூடியது 120 வோல்ட், 12 ஆம்பியர். சார்ஜரில் பத்து சதவீதம் வீண். பெருக்கினால் 14.6 யூனிட். உண்மையான எண் 15.5, அதில் முழுவதையும் ஓட்டுநர் பயன்படுத்த விடமாட்டார்கள் என்பதால் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. பேட்டரி, தூரம், சார்ஜ் ஆகும் நேரம் மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. ஒன்றை ஒளித்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த 95இலிருந்து நெடுஞ்சாலைப் பாதியைப் பிரித்தெடுத்தால் வெறும் 70 மைல். நகரத் தூரத்தில் பாதிகூட இல்லை.

வேகச் சார்ஜுக்கும் இதே வழிதான். லைவ்வயர் 40 நிமிடத்தில் 80 சதவீதம், 60 நிமிடத்தில் முழுவதும் என்றார்கள். முதல் 40 நிமிடம் நிமிடத்துக்கு 2 சதவீதம். கடைசி 20 நிமிடம் நிமிடத்துக்கு 1. பேட்டரி அளவு தெரியாமலே வேகம் பாதியாகிவிட்டது தெரிகிறது. காரணம் பேட்டரிக்குள் உள்ள கிராஃபைட் மின்முனையில் இருக்கிறது. அதன் அடுக்குகளுக்குள் லித்தியம் அயனிகள் நுழைந்து இடம்பிடிக்க வேண்டும். இடம் நிரம்பி வரும்போதும் அதே அவசரத்தில் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் ஆயுளுக்கு அது ஆகாது. படிவு ஊசியாக வளர்ந்தால் பாதுகாப்புக்கும் ஆகாது. அதனால் கட்டுப்பாட்டுச் சுற்று தானே மின்னோட்டத்தைக் குறைக்கிறது. சித்திரை வெயிலில் ஓட்டிவந்து சூடு ஆறாமல் சொருகினால், 80 வருவதற்கு முன்பே குறைக்கலாம்.

இப்போது புதிதாக ஒரு வித்தை கிளம்பியிருக்கிறது. 'பத்து நிமிடத்தில் இத்தனை கி.மீ.க்குச் சார்ஜ்' என்கிறார்கள். கிலோமீட்டரில் சொல்லும்போது, மெதுவாக ஓட்டிக் கிடைத்த தூரத்தை, காலியான பேட்டரிக்குக் கிடைக்கிற உச்ச வேகத்தோடு பெருக்கிவிடுகிறார்கள். இரண்டு நம்பிக்கைகள் பெருக்கலில் சேர்ந்துவிடுகின்றன. கடையில் கிலோவாட் எவ்வளவு என்று கேளுங்கள். 3 கிலோவாட் என்றால் 10 யூனிட் பேட்டரி நிரம்ப மூன்றே கால் மணி நேரத்துக்குக் குறையாது. எண்ணைச் சொன்னால், அது உச்சமா சராசரியா என்று அடுத்த கேள்வி. லைவ்வயரின் கணக்கில் முதல் 40 நிமிடச் சராசரி 18.6 கிலோவாட், கடைசி 20 நிமிடத்துக்கு 9.3.