முக்குறுணி எத்தனை படி?

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் முக்குறுணிப் பிள்ளையார் எனப் பெயரிய பேருருவம் ஒன்றுண்டு. விநாயக சதுர்த்தியன்று அதற்கு முக்குறுணி அரிசியாற் செய்த பெருங்கொழுக்கட்டையைப் படைப்பர். ஒரு குறுணி 6 படி, ஆதலின் முக்குறுணி 18 படி என்பது ஈண்டு வழங்குங் கணக்கு. பழைய வாய்பாட்டை ஓதியவரோ 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம் என்பர். நாழியும் படியும் ஒன்றெனக் கொள்ளின் முக்குறுணி 24 படியாகும். 18 படியோ, 24 படியோ? இவ்வினாவை இக்காலத்துக் கணக்குப் பொறியிடம் விடுப்பின் அஃது என் செய்யும் என்று யாம் எண்ணியதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

முற்காலத்துக் கணக்குப் பொறி எண்களை மட்டுமே அறியும். இக்காலத்திலோ நாம் பேசுஞ் சொற்றொடரையே எழுதி விடை பெறலாம். 2009-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த உல்ஃப்ரம் ஆல்ஃபா இவ்வகையிற் பேர்பெற்றது. 3 ஏக்கர் எத்தனை ஹெக்டேர் என ஆங்கிலத்தில் வினவின், பொறி அத்தொடரை எண், கொடுத்த அலகு, வேண்டும் அலகு என முக்கூறாகப் பிரிக்கும். பின்னர்த் தன் அட்டவணையை நோக்கும். ஆண்டு ஏக்கருக்கு 4,046.86 சதுர மீட்டர் என்றும், ஹெக்டேருக்கு 10,000 சதுர மீட்டர் என்றும் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றை முன்னதாற் பெருக்கிப் பின்னதால் வகுக்க 1.214 ஹெக்டேர் என விடை வரும். 3 ஏக்கர் எத்தனை லிட்டர் எனின், பரப்பும் கொள்ளளவும் வேறினமாதலின் அது மாற்ற மறுக்கும். இஃது நம்மவர்க்குப் புதிதன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் இத்தகைய உறவுகளைப் பாட்டாகவே கற்பித்தது. பொறிக்கு அட்டவணை எப்படியோ, நம் முன்னோர்க்கு அப்பாட்டு அப்படி.

பெருக்கலிற் பொறி பிழைப்பதில்லை; பிழை சொல்லின் வழியே நுழைகின்றது. கேலன் என்பது இங்கிலாந்தில் 4.546 லிட்டர், அமெரிக்காவில் 3.785 லிட்டர். யாம் ஒருகால் 5 சென்ட் நிலத்திற்குச் சதுர அடி காண விரும்பிச் சென்ட் என்று மட்டும் எழுத, எம் கையிலிருந்த கருவி அதனை நாணயமாகக் கொண்டு எம்மை நகைப்பித்தது. தமிழ்ச் சொற்களைப் புகுத்தின் இன்னும் விந்தையாம். மா என்பது மரமும் விலங்குமாம். இருபதில் ஒரு பங்குமாம். வேலியின் இருபதில் ஒன்றாகிய நிலவளவுமாம். 12 அடிச் சதுரம் ஒரு குழி, 100 குழி ஒரு மா எனக் கொள்ளும் தஞ்சைக் கணக்கில் ஒரு மா 14,400 சதுர அடி, அஃதாவது ஏறக்குறைய 33 சென்ட். அதனைக் கொண்டு வேற்றூர்க் குழியை மாற்றப் புகுதல் ஆகாது. அளவுகோல் ஊர்க்கு ஊர் வேறன்றோ?

நகைத்துவிட்டு நீங்க இயலாத இடமும் உண்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகள் 1958 முதற் படிப்படியாக இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் மேலூர், திருமங்கலம் பக்கத்து உழவர் வாயில் இன்றும் வழங்குவன ஏக்கரும் சென்ட்டுமே. பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும் காணப்படும். ஏர் என்றதும் கலப்பையை நினையற்க. ஈண்டு அது 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். பட்டாவில் ‘0 - 40.50’ எனக் கண்டு, நாற்பதரை சென்ட் என விலை பேசும் ஏழை, ஓர் ஏக்கருக்குச் சற்றே மிகுந்த நிலத்தை அதிற் பாதி விலையும் பெறாது இழப்பான். 40.50 ஏர் எத்தனை ஹெக்டேர் என்று கேட்பின் பொறி 0.405 என்னும்; 40.50 சென்ட் எத்தனை ஏக்கர் என்று கேட்பினும் 0.405 என்றே சொல்லும். இலக்கங்கள் ஒத்திருத்தலின் ஐயமும் எழாது. 1999-இல் செவ்வாய்க் கோளுக்குச் சென்ற அமெரிக்க விண்கலம் அழிந்ததும் இத்தகைய மயக்கத்தாலேயே: ஒரு சாரார் பவுண்டுக் கணக்கில் தந்த எண்ணை மற்றொரு சாரார் நியூட்டன் கணக்கெனக் கொண்டனர்.

விவிலியத்தைத் தமிழாக்கியோர் இவ்விடரை வேறு வழியாற் கடந்தனர். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் விளக்கை மூடும் பாத்திரம் கிரேக்கத்தில் மோதியோஸ், அது 8.7 லிட்டர் அளவினது. அதனை மரக்கால் என்றனர். லிட்டர் ஒத்ததா என எவரும் கேட்டிலர். தானியம் அளக்கும் ஏனம் விளக்கின்மேற் கவிழும் காட்சி ஒத்தது, அவ்வளவே. நிலம் விற்பவனுக்கு அது போதாது.

நிற்க. 2019-இல் யூனிகோடு எழுத்துத் தொகுதியின் 12-ஆம் பதிப்பில் ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, முக்குறுணி ஆகியவற்றின் பழங்குறிகளும் இடம்பெற்றன. இனிப் பொறி முக்குறுணியை எழுதவும் கூடும். அதன் மதிப்பை அட்டவணையிற் சேர்ப்போர் ஊர்ப்பெயரையும் உடன் சேர்த்தல் வேண்டும் என்பது எம் கருத்து. அதற்கு முதற்படியாக மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் ஊர்ப் படியை நீரால் நிரப்பி, எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்து வரலாம். யாம் எம் பாட்டியாரின் பித்தளைப் படியோடு இதனைத் தொடங்கினோம். அவர் சிறிது நேரம் பார்த்திருந்து, “இது சின்னப்படி, நெல் அளந்தது பெரியபடியால். அதையும் தலை தட்டியா, கூம்பாகவா அளக்கப் போகிறாய்?” என்றார். எம் குறிப்பேட்டில் ஒரு வரிக்கு விட்ட இடம் நான்கு வரியாயிற்று.