ஏசி போட்டதும் அணையும் எஞ்சின்

பெட்ரோல், டீசல் கார்களின் குளிர்சாதனத்துக்கு, வீட்டு ஏசிக்கு இருப்பதுபோல் தனி மோட்டார் கிடையாது. குளிரூட்டும் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரை எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து வரும் பெல்ட்டே சுற்றுகிறது. ஆகவே ஏசி பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எஞ்சினின் தோளில் ஒரு மூட்டை ஏறுகிறது. வண்டி வேகமாக ஓடுகையில் அந்தச் சுமை தெரிவதில்லை. சிக்னலில் வண்டி நின்று, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டு, எஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் வரையிலான ஐட்லிங் வேகத்தில், தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் போதுமான எரிபொருளை மட்டும் பெற்றுக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைக்கிறது. 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட மாருதி 800 போன்ற சிறிய கார்களில் ஏசி போட்டதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்குவதற்கும் காரணம் இதுவே.

கார் ஏசியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் நிறுவனம் அமெரிக்காவின் பேக்கார்டு, ஆண்டு 1939. அந்த அமைப்பில் கம்ப்ரஸரை எஞ்சினிலிருந்து பிரிக்க வழியே இல்லாததால், ஏசி வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது. இன்று அந்த வேலையைக் காந்தக் கிளட்ச் செய்கிறது. கம்ப்ரஸரின் முகப்பில் இருக்கும் இந்தத் தட்டு, மின்சாரம் பாய்ந்ததும் பெல்ட் சுற்றும் கப்பியோடு ஒட்டிக்கொள்கிறது. ஏசி போட்டவுடன் கேட்கும் ‘டக்’ என்ற ஓசை அதனுடையதுதான். கார்புரேட்டர் கார்களில் அந்த நொடியில் ஒரு வெற்றிட வால்வு த்ராட்டிலைச் சற்றே திறந்து ஐட்லிங்கை உயர்த்தியது. இப்போதைய பெட்ரோல் கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, ஏசி கேட்கப்படுவதை அறிந்து, காற்றின் வழியைக் கூடுதலாகத் திறந்துவிட்டுக் கிளட்சை ஒட்டவிடுகிறது.

எனவே ஏசி போட்டதும் எஞ்சின் அணைகிறதென்றால், இந்த ஈடுகட்டல் நடக்காமல் போயிருக்க வேண்டும், அல்லது சுமை அளவுக்கு மீறியிருக்க வேண்டும், அல்லது எஞ்சின் முன்பே நலிந்திருக்க வேண்டும். இம்மூன்றில் எது என்பதை எந்தக் கருவியையும்விட விரைவாகச் சொல்லக்கூடியது எஞ்சின் அணையும் நேரம்தான். பட்டறையில் வண்டியை விடுகிறவர் முதலில் சொல்ல வேண்டிய செய்தியும் அதுவே.

‘டக்’ என்ற ஓசையோடு உடனே அணைந்தால், முதல் ஐயம் த்ராட்டில் பாடியின் மேல் விழ வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி, காற்றை அளந்து விடும் தட்டின் விளிம்பிலும் ஐட்லிங் காற்று வால்விலும் கரியாகப் படிந்து, ஈசியூ திறக்கச் சொன்ன அளவுக்குக் காற்று போகாமல் தடுத்துவிடுகிறது. இதைச் சுத்தம் செய்வது பெரிய செலவில்லை. ஆனால் மின்னணு த்ராட்டில் உள்ள பல கார்களில், சுத்தம் செய்தபின் தட்டின் புதிய நிலையை ஈசியூவுக்குக் கற்பிக்கும் சிறு நடைமுறையும் உண்டு. அதைச் செய்யாமல் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவது நோயை மறைக்கும் வைத்தியம். ஏசி இல்லாத நேரத்திலும் எஞ்சின் வீணாக ஓடி எரிபொருளைக் குடிக்கும்.

இவ்விடத்தில் ஓர் எளிய சோதனை பெரிதும் உதவும். கம்ப்ரஸர் கிளட்சுக்குப் போகும் மின்கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஏசியைப் போட வேண்டும். சுமை ஏறாத நிலையில் ஐட்லிங் சற்று உயர்ந்தால், ஈசியூவின் கட்டளையும் காற்று வழியும் ஒழுங்காக உள்ளன என்றும் ஐயம் கம்ப்ரஸர் பக்கம் நகர்கிறது என்றும் கொள்ளலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிளட்சின் முன்தட்டைக் கையால் சுற்றிப் பார்க்கையில் அது இறுகி நின்றால், கம்ப்ரஸர் உள்ளே பழுதாகியிருக்கிறது. அத்தகைய வண்டியில் பெல்ட் கீச்சிடுவதும் ரப்பர் கருகும் வாசனை வருவதும் உண்டு.

உடனே அணையாமல், நெரிசலில் சில நிமிடங்கள் நின்றபின் மெல்லத் திணறி அணைவது வேறு கதை. கம்ப்ரஸர் தள்ளும் சூடான வாயுவை ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்சர் ஆற்ற வேண்டும். நிற்கும் வண்டியில் அதற்குக் காற்று தருவது மின்விசிறி மட்டுமே. விசிறி நின்றாலோ கண்டன்சரில் தூசி அடைத்தாலோ, ஆர்134ஏ என்ற குளிரூட்டும் வாயுவின் அழுத்தம் வழக்கமான 150 முதல் 250 பிஎஸ்ஐ என்ற எல்லையைத் தாண்டி ஏற, அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும் கம்ப்ரஸர் எஞ்சினை மேலும் இழுக்கிறது. கண்டன்சரின் மேல் தண்ணீரைத் தெளித்ததும் திணறல் குறைந்தால் குற்றம் இங்கேதான். வாயுவை அளவுக்கு மேல் நிரப்பியிருந்தாலும் இதே விளைவு வரும். ஏசியில் எந்தக் குறை சொன்னாலும் ‘கேஸ் அடிக்கணும்’ என்று தொடங்கும் பழக்கம் இந்த நோய்க்கு முற்றிலும் பொருந்தாது: வாயு மிகவும் குறைந்தால் அழுத்த ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது, எஞ்சினுக்குச் சுமையே இருக்காது. நிரப்பத்தான் வேண்டுமென்றால், பழைய வாயுவை வெளியேற்றி, பானட்டின் கீழ் ஒட்டியுள்ள தாளில் குறித்த எடைக்கே நிரப்ப வேண்டும்.

இறுதியாக எஞ்சின். நிற்கும் வண்டியில் ஏசியை அணைத்துவிட்டு, முகப்பு விளக்கைப் போட்டு ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பும்போதும் அது திணறினால், ஏசியின் மேல் பழிபோட இடமில்லை. தேய்ந்த ஸ்பார்க் பிளக், வெடித்த வெற்றிடக் குழாய், குறைந்த எரிபொருள் அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் பி0506 என்ற குறியீடு வந்தால் ஐட்லிங் வேகம் குறைவு என்றும், பி0300 வந்தால் சிலிண்டர்களில் தீப்பற்றல் தவறுகிறது என்றும் பொருள்.

பழுது நீங்கும்வரை, சிக்னலை நெருங்கும் முன்பும் மலைப்பாதையில் இறங்கும் முன்பும் ஏசியை அணைத்துவிடுவது நல்லது. ஓடும் வண்டியில் எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இரண்டொரு மிதிப்புக்குமேல் மிஞ்சாது.