கண்டி நாயக்கர் வம்சம் (1739 – 1815)

மாணவர்களே, கண்டி இராசதானி பற்றிய வினாக்களில் இப்பகுதி முக்கியமானது. மன்னர்களின் பெயர்களை மட்டும் மனனம் செய்யாது, ஒருவருக்குப்பின் ஒருவர் எவ்வாறு அரசுரிமை பெற்றனர் என்பதை விளங்கிக் கொள்ளுங்கள்.

1. தோற்றம்

கண்டி மன்னனின் பட்டத்தரசி சத்திரிய குலத்தவளாக இருத்தல் வேண்டும் என்பது மரபு. இதனால் மதுரையிலிருந்து மணப்பெண்கள் அழைத்து வரப்பட்டனர். கடைசிச் சிங்கள மன்னனான வீரபராக்கிரம நரேந்திரசிங்கனுக்குப் (1707–1739) பட்டத்தரசி வழியில் வாரிசு இல்லை. உனம்புவே பண்டார அவனது மகனாயினும், தாய் சத்திரிய குலத்தவள் அல்லள் என்பதால் அரசுரிமை கிடைக்கவில்லை. எனவே அரசியின் சகோதரன் அரசனானான். நாயக்கர் ஆட்சி போரினால் அன்றி, மணஉறவினாலேயே ஏற்பட்டது.

2. மன்னர்கள்

அ) ஸ்ரீ விஜய இராஜசிங்கன் (1739–1747)
ஆ) கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) – முன்னவனின் அரசியின் சகோதரன்
இ) இராஜாதி இராஜசிங்கன் (1782–1798) – கீர்த்தி ஸ்ரீயின் தம்பி
ஈ) ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் (1798–1815) – உறவினன், இயற்பெயர் கண்ணுசாமி

கவனிக்க: நால்வரில் எவரும் முந்திய மன்னனின் மகன் அல்லர். ஆகவே ஒவ்வொரு முறையும் பிரதானிகளின் சம்மதம் அவசியமாயிற்று. இதுவே இவ்வம்சத்தின் பலவீனம்.

3. பௌத்த சமயப் பணி

கீர்த்தி ஸ்ரீ காலத்தில், வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியால் சீயத்திலிருந்து உபாலி தேரர் வரவழைக்கப்பட்டு, 1753இல் உபசம்பதா மீண்டும் தொடங்கப்பட்டது. எசல பெரஹராவில் தலதாப் பெரஹரா முதலிடம் பெற்றதும் இக்காலத்திலாகும்.

4. வீழ்ச்சி

* 1766 ஒப்பந்தத்தால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானது.
* பிலிமத்தலாவை, எகலப்பொல ஆகிய பிரதானிகளுடன் மன்னன் முரண்பட்டான்.
* குளம் அமைத்தல் முதலிய வேலைகளுக்கு மக்களிடம் கட்டாய ஊழியம் பெறப்பட்டது.
* ஆங்கிலேயர் இப்பகைமையைப் பயன்படுத்தினர்.

1815 பெப்ரவரி 18இல் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. வம்சத்தின் அரசுரிமை நீக்கப்பட்டதுடன், மன்னனின் ஆண் உறவினர் கண்டிப் பிரதேசத்தில் நுழைவதும் தடைசெய்யப்பட்டது. வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே இறந்தான்.

5. மாணவர் விடும் தவறு

“நாயக்கர் அந்நியர், ஆதலால் வீழ்ந்தனர்” என ஒரே வரியில் எழுதுவோர் பலர். அந்நியர் என்பதே காரணமாயின், 76 ஆண்டுகள் ஆண்டது எவ்வாறு? 1803இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையை அதே மன்னனின் மக்களே தோற்கடித்தனர். 1815இல் மாறியது மன்னனின் பிறப்பு அல்ல, பிரதானிகளின் ஆதரவே. ‘அந்நியர்’ என்பது அவர்கள் பகைத்தபின் எடுத்த ஆயுதம். குளக்கரையில் நடக்கும்போது இதனைச் சிந்தியுங்கள். அக்குளத்தை அமைத்தவனும் அவனே.

மாதிரி வினா: நாயக்கர் ஆட்சி ஏற்பட்டதற்கும் வீழ்ந்ததற்கும் பிரதானிகள் எவ்வாறு காரணமாயினர் என விளக்குக.

விடைக்குறிப்பு: 1739, 1803, 1815 ஆகிய மூன்று ஆண்டுகளையும் தொடர்புபடுத்தி எழுதுக.