சீட்டுக்கு அடியில ஒரு ஸ்பிரிங்

என் தாய்மாமா பட்டு நெய்பவர். வீடு வெம்பாக்கத்தில். ஆரணிப் பட்டு, காஞ்சிபுரம் பட்டுன்னு ரெண்டு பெரிய பேருக்கும் நடுவுல இருக்கிற ஊர் அது. பகல் முழுக்க குழித்தறி. சேலை முடிஞ்சதும் மடிச்சு, துணியில சுத்தி, கேரியர்ல கட்டி, பாலாத்துப் பாலம் தாண்டி காஞ்சிபுரத்துல இருக்கிற முதலாளி வீட்டுக்கு சைக்கிள்லயே போவார். திரும்பி வரும்போது அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கிட்டு வருவார். பைக் ஓட்ட அவர் கத்துக்கவே இல்ல.

பொங்கல் லீவுக்குப் போனப்ப கூப்பிட்டார். "மாப்ள, நீ இன்னாவோ மெக்கானிக்கல் படிக்கிறியே, இந்த சீட்டுக்கு ஒரு வழி பண்ணேன். போய்ட்டு வந்தா ரெண்டு நாளு தறியில குந்த முடியல."

ரெண்டு நாள் குந்த முடியலைன்னா ரெண்டு நாள் கூலி போச்சு. அதனால இதை விளையாட்டா எடுத்துக்க முடியல.

சைக்கிளைப் பார்த்தேன். பழைய கறுப்பு ரோட்ஸ்டர். இந்த மாதிரி வண்டிக்குக் கம்பெனியில இருந்தே பின்பக்கம் ரெண்டு பெரிய சுருள் ஸ்பிரிங் வெச்ச சீட்டு வரும். மாமா வண்டியில அதுல ஒண்ணு துருப்பிடிச்சு ஒடிஞ்சிருக்கு. கடையில அதைக் கழட்டிட்டு, மெத்துமெத்துன்னு ஒரு ஜெல் சீட்டு மாட்டி விட்டிருக்காங்க. கையால அமுக்கினா சுகமாத்தான் இருக்கு. ஆனா ஆள் உட்கார்ந்ததும் அந்த மெத்தை முழுசா நசுங்கிடும். அதுக்கப்புறம் பள்ளத்துல விழும்போது அமுங்க அதுல இடமே மிச்சம் இருக்காது. பஞ்சு, உடம்பு படுற இடத்துல அழுத்தத்தைப் பரப்பும். அதிர்ச்சியை வாங்க அது போதாது. அமுங்குறதுக்குத் தூரம் வேணும்.

அந்தத் தூரத்தைத் தர்ற பொருள்தான் சஸ்பென்ஷன் சீட் போஸ்ட். சீட்டைத் தாங்குற குழாய்க்குப் பதிலா, உள்ளே ஸ்பிரிங் வெச்ச குழாய். ரெண்டு வகை பரவலா கிடைக்குது. ஒண்ணு டெலஸ்கோப்பிக்: குழாய்க்குள்ள குழாய், பைக்கோட முன் ஃபோர்க் மாதிரி. விலை குறைவு. ஆனா சீட் டியூப் கொஞ்சம் பின்பக்கம் சாய்ஞ்சு இருக்கிறதால, நேர் கீழா வர்ற எடை உள்குழாயை ஒரு பக்கமா அழுத்தும். உராய்வு கூடும், சின்னச் சின்ன அதிர்வுக்கு அசையாம முரண்டு பிடிக்கும். நாளாக நாளாக சீட்டு இடம் வலம் ஆடவும் ஆரம்பிக்கும். இன்னொண்ணு இணைகரம் மாதிரி நாலு சட்டம் வெச்சது, நம்ம கேஓஎம் பேப்பர்ல வர்ற ஃபோர் பார் லிங்கேஜேதான். கேன் க்ரீக் கம்பெனியோட தட்பஸ்டர் இதுல பேர் போனது. சீட்டு நேரா கீழ இறங்காம பின்பக்கமா சாய்வா இறங்கும். அதனால சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் பெருசா மாறாது. மிதிக்கிற கால் தடுமாறாது. விலையைப் பார்த்துட்டு பக்கத்தை மூடிட்டேன். மாமாவோட சைக்கிளை வித்தாலும் அது வராது.

டெலஸ்கோப்பிக் ஒண்ணு வாங்கினேன். வாங்குறதுக்கு முன்னாடி சீட் டியூபோட உள்விட்டத்தை வெர்னியர்ல அளந்துக்குங்க. போஸ்ட்டுகள் 25.4, 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர்னு வரும். போஸ்ட் சின்னதா இருந்தா நடுவுல ஷிம் போட்டுக்கலாம். பெருசா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அடிச்சு இறக்குற வேலை வேண்டவே வேண்டாம். இன்னொரு சிக்கல் உயரம். ஸ்பிரிங் பகுதி ஃபிரேமுக்கு வெளியதான் நிக்கணும். உங்க சீட்டு ஃபிரேமை ஒட்டித் தாழ்வா இருந்தா, இந்த போஸ்ட்டைப் போட்டதும் கால் தரைக்கு எட்டாது. போஸ்ட்ல குறைந்தபட்ச ஆழக் கோடு ஒண்ணு இருக்கும். அது டியூபுக்கு உள்ள மறைஞ்சே ஆகணும்.

மாட்டினேன். மாமா உட்கார்ந்தார். அசையவே இல்ல. தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வந்தார். "இன்னாடா மாப்ள, முன்ன இருந்த கம்பியே தேவலாம் போலக்குது" என்றார். அத்தை உள்ள போய் சிரிச்சாங்க.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டப்பதான் புரிஞ்சது. மாமா எடை 52 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுறவர், அதனால அதுல சுமார் 35 கிலோ சீட்டுல இறங்கும்னு வெச்சுக்கலாம். அதாவது ஏறக்குறைய 343 நியூட்டன். ஸ்பிரிங்கோட விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்னு ஒரு பேச்சுக்கு எடுத்துக்குங்க. போஸ்ட்டோட அடியில ஒரு திருகு இருக்கும், ப்ரீலோட் திருகு. அதை முறுக்கி ஸ்பிரிங்கை முன்கூட்டியே 20 மில்லிமீட்டர் அமுக்கி வெச்சிருந்தா, 400 நியூட்டன் தாண்டுற வரைக்கும் அது அசையாது. மாமா தர்றது 343. அவ்ளோதான் விஷயம். கனமான ஆளுக்கு முறுக்கி வெச்ச போஸ்ட்டுல ஒல்லியான ஆள் உட்கார்ந்தா, அது வெறும் இரும்புக் குழாய்.

பலரும், நானும்தான், அந்தத் திருகை முறுக்கினா ஸ்பிரிங் விறைப்பாகும்னு நினைக்கிறோம். ஆகாது. விறைப்பு அதே 20தான். ஸ்பிரிங் எந்த எடையில அசைய ஆரம்பிக்கும்ங்கிறதை மட்டும்தான் திருகு மாத்தும். அதைத் தளர்த்தி 9 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்தா, மாமா உட்கார்ந்ததும் போஸ்ட் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும். மொத்த ஓட்டம் 40 மில்லிமீட்டர்னா அது ஐந்தில் ஒரு பங்கு. இந்த இறக்கத்துக்கு சேக்னு பேர். ஐந்தில் ஒரு பங்கு நல்ல தொடக்கம். ஓட்டிப் பார்த்து மாத்திக்கலாம். வீட்டுல அளக்கறதும் சுலபம். போஸ்ட்ல கேபிள் டை ஒண்ணைச் சுத்தி விட்டு, உட்கார்ந்து எழுந்தா எவ்ளோ நகர்ந்திருக்குன்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. தளர்த்தும்போது ஒரு எச்சரிக்கை: திருகு குழாயோட அடி விளிம்பைத் தாண்டி வெளிய நீட்டக் கூடாது. மரை முழுசா பிடிக்காம விட்டா, ஓடுற வண்டியில ஸ்பிரிங் கழண்டு விழும். நிறைய தளர்த்தியும் சேக் வரலைன்னா ஸ்பிரிங்கையே மாத்தணும்.

இப்ப டிஓஎம் பேப்பர்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதுற டிரான்ஸ்மிஸிபிலிட்டி வளைவுக்கு வருவோம். 35 கிலோ எடை, மீட்டருக்கு 20,000 நியூட்டன் விறைப்பு. வகுத்து வர்க்கமூலம் எடுத்து 6.28-ஆல வகுத்தா, இயல் அதிர்வெண் 3.8 ஹெர்ட்ஸ். அதை வேர் இரண்டால பெருக்கினா 5.4 ஹெர்ட்ஸ். இதுக்கு மேல வேகமா வர்ற அதிர்வை மட்டும்தான் போஸ்ட் குறைக்கும்.

மாமா மணிக்கு 12 கிலோமீட்டர்ல போவார், நொடிக்கு 3.33 மீட்டர். தார் பேந்து ஜல்லி தெரியுற இடத்துல மேடுகள் 5 சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு வெச்சா, 67 ஹெர்ட்ஸ். உராய்வு இல்லாத நல்ல போஸ்ட்ல இது ஏறக்குறைய மறைஞ்சே போயிடும். ஆனா ஏத்த இறக்கம் 90 சென்டிமீட்டருக்கு ஒண்ணா அலை அலையா இருக்கிற ரோட்டுல? 3.7 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே இயல் அதிர்வெண். அங்க போஸ்ட் குறைக்காது, கூட்டும். குதிரை மேல போற மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு மேலும் கீழுமான அதிர்வை 4-லேர்ந்து 8 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதிகமா உணரும்னு ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் சொல்லுது. அந்த எல்லைக்குப் பக்கத்துலயே நம்ம போஸ்ட்டும் நிக்குது. மனுஷன் ஒண்ணும் இறுகிய இரும்புக் கட்டி இல்ல, அதனால இந்தக் கணக்கு ஒரு தோராயம்தான். ஆனாலும் ரோட்டுல நடந்தது இப்படியேதான்.

அலை ரோட்டுல வேகத்தை மாத்தினா அதிர்வெண்ணும் மாறும். பள்ளம் தெரிஞ்சா பெடல் ரெண்டையும் கிடைமட்டமா வெச்சு லேசா எழுந்து நிக்கிறது இன்னும் நல்லது. முழங்காலை விடப் பெரிய சஸ்பென்ஷன் கிடையாது. மாமாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இருக்கல, பாலத்து இணைப்பு ஒவ்வொண்ணுலயும் அவர் தானா எழுந்துடுவார்.

காசு செலவில்லாத வேலையை நான் கடைசியாத்தான் பண்ணினேன், முதல்ல பண்ணியிருக்கணும். டயர் காத்து. ஊர்ப் பக்கம் காத்துன்னா கல்லு மாதிரி அடிக்கணும், அப்பதான் வண்டி லேசா போகும்னு ஒரு நம்பிக்கை. 1888-ல டன்லப் தன் மகனோட மூணு சக்கர சைக்கிளுக்குக் காத்து டயர் போட்டதே குலுக்கலைக் குறைக்கத்தான். அதுக்கு முந்தின கட்டைச் சக்கர சைக்கிளுக்கு இங்கிலாந்துல எலும்பாட்டின்னு பட்டப்பேர். நாம கல்லு மாதிரி அடிச்சு அந்தக் காலத்துக்கே திரும்பப் போறோம். ரோட்ஸ்டர் டயர் ஒன்றரை இஞ்ச் அகலம், உள்ள நிறைய காத்து பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ஆள் ஏறினதும் பின் டயர் கண்ணுக்குத் தெரியுற அளவு பிதுங்கணும். பள்ளத்துல ரிம் இடிக்கக் கூடாது. இந்த நடுநிலை வந்ததும் கை மரத்துப் போறதும் குறைஞ்சது. சீட் போஸ்ட்டால கைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஹேண்டில்பாருக்கு வர்ற குலுக்கலை டயர் மட்டும்தான் வாங்கும்.

இன்னொண்ணையும் ஒத்துக்கணும். ஒடிஞ்ச ஸ்பிரிங் சீட்டுக்குப் பதிலா அதே மாதிரி புது ஸ்பிரிங் சீட்டு போட்டிருந்தா பாதி வேலை குறைஞ்ச செலவுல முடிஞ்சிருக்கும். பொறியியல் படிக்கிற ஆர்வக்கோளாறு என்னை விடல. ரெண்டையும் சேர்த்துப் போட்டுடலாமேன்னு கேட்பீங்க. வேண்டாம். தொடர் இணைப்புல ரெண்டு ஸ்பிரிங், மொத்த விறைப்பு இன்னும் குறையும், மிதிக்க மிதிக்க சீட்டு ஊஞ்சல் ஆடும். அதோட அந்தக் காலத்து சீட்டுல ரெட்டைக் கம்பி வரும். இப்ப வர்ற போஸ்ட்டோட கிளாம்ப் ஒற்றைக் கம்பி ஜோடிக்குத்தான் செஞ்சது, பொருந்தாது.

இப்ப மாமா போஸ்ட்டைத் தளர்த்தி, கிரீஸ் வெச்சு, காத்து இறக்கி ஓட்டிட்டு இருக்கார். மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் கழட்டித் துடைச்சு கிரீஸ் போடணும், இல்லைன்னா உராய்வு ஏறி பழையபடி குழாயாயிடும். காஞ்சிபுரம் போய்ட்டு வந்த மறுநாளே தறியில உட்கார முடியுதுன்னு போன்ல சொன்னார். அதோட நிறுத்தல. "மாப்ள, தறிப் பலகைக்கு அடியில இந்த மாதிரி ஒண்ணு வெச்சா?"

வெச்சுப் பிரயோஜனம் இல்ல மாமான்னு சொன்னேன். தறிப் பலகை ரோடு மாதிரி குலுங்கறதில்ல. அங்க வலிக்கிறது மணிக்கணக்கா முன்னால குனிஞ்சே இருக்கிறதால. நடுவுல எழுந்து நடங்க, பலகை உயரத்தை மாத்திப் பார்ப்போம், ஒரு தடவை டாக்டர்கிட்டயும் காட்டிடலாம்னேன். "எழுந்து நடந்தா சேலை யாரு நெய்யிறது"ன்னு கேட்டார். அடுத்த லீவுக்கு டேப் எடுத்துட்டுப் போய் அந்தப் பலகையை அளக்கணும்.