மிதியடியும் மேலைநாட்டாரும்

எங்கள் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இனி வெளிநாட்டார் இன்னும் மிகுதியாக வருவர். ஆனால் எங்கே காலணியைக் கழற்றுவது, எங்கே வேண்டாம் என்று அவர்கள் தடுமாறக் காண்கிறோம். ராஜகிரியில் ஏறக் காலணி தேவை. சிங்கவரம் அரங்கநாதர் கோயிலில் அதைக் கழற்றிவிட வேண்டும். வீட்டிலோ அது வாசலோடு நின்றுவிட வேண்டும். நமக்கு நடை பழகும்போதே வந்துவிட்ட இப்பழக்கம் அவர்களுக்கு ஒரு பாடம்!

இதன் காரணத்தைத் தரையில்தான் தேட வேண்டும். 1597-இல் செஞ்சிக்கு வந்த பிமெண்டா என்னும் இயேசு சபைக் குரு, கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டுக் கம்பளத்தின்மேல் திண்டில் சாய்ந்திருக்கக் கண்டார். அரசரே தரையில் அமரும் நாடு நமது. உண்பதும் உறங்குவதும் அங்கேதான். அவ்விடத்தில் தெருப்புழுதிக்கு என்ன வேலை? கொரிய நாட்டிலும் இதே நியாயந்தான். அங்கே குளிருக்காகத் தரைக்கு அடியில் சூடேற்றி, அதன்மேல் பாய் விரித்துப் படுப்பது பழைய வழக்கம். ஆகவே கதவுக்குள் நுழைந்ததும் சற்றுத் தாழ்ந்த ஓர் இடத்தில் காலணியை விட்டுவிடுவர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் நிறுவனத்தின் வழியே தமிழகம் வந்த கொரியருக்கு நம் வாசற்படி புதிதாயிருந்திராது.

ஆனால் நம் நாட்டில் புழுதியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதுதான் தோல். 1606-இல் மதுரை வந்த இத்தாலியக் குரு இராபர்ட் தெ நொபிலி, தோல் காலணி அணிந்தவரை உயர்குலத்தார் இழிவாக எண்ணி விலகுவதைக் கண்டார். காவியுடுத்தார், புலால் விட்டார், தோலை விடுத்து, குமிழை விரல்களிடையே பற்றி நடக்கும் பாதக்குறட்டை அணிந்தார். பழக்கமில்லாத காலுக்கு அது எத்தனை வேதனை என்பது அதைப் போட்டு நாலடி நடந்து பார்த்தாலன்றித் தெரியாது. தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார்.

அவருடைய பணிவை மெச்சுகிறோம். எனினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. மரக்குறடு உயர்குலத்தார் வீட்டுக் கதவைத் திறந்தது உண்மை. தோலைத் தைத்துப் பிழைத்தவனோ அவரை வெளிப்படையாக நெருங்க முடியவில்லை. புழுதியை வாசலில் விடுவது தூய்மை. தோலோடு அதைத் தைத்த மனிதனையும் வாசலில் நிறுத்துவதை அப்பெயரால் அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அக்குறையைப் பின்வந்த குருக்களே உணர்ந்தனர். ஏறக்குறைய 1640 முதல் சிலர் பண்டார சுவாமிகளாக வேடம் பூண்டு தாழ்த்தப்பட்டோரிடம் சென்றனர். செஞ்சிச் சீமையிலும் பணியாற்றிய புனித அருளானந்தர் அவ்வழியில் வந்தவரே.

இன்று நம் சிற்றூர்த் தேவாலயங்கள் பலவற்றின் வாசலிலும் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. காலணியோடு ஆலயத்துள் சென்று பழகிய ஐரோப்பியர் அவ்வரிசையைக் கண்டாலே போதும், குறிப்பறிந்துகொள்வர். சிங்கவரம் செல்வோருக்கு மட்டும் நாம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்: பாறை சுடுமுன், காலையிலேயே ஏறிவிடுங்கள்!