மங்கம்மாள் சாலை யார் கணக்கில் இருக்கிறது?

1689 முதல் 1706 வரை, பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக மதுரையை ஆண்டவர் ராணி மங்கம்மாள். வழிநடைக்காரர்களுக்குச் சாலை, நிழல்மரம், சத்திரம் எல்லாம் செய்துவைத்தார். மதுரையிலிருந்து குமரிமுனை நோக்கிப் போன பழைய பெருவழியைத் தென்மாவட்ட மக்கள் இன்னும் மங்கம்மாள் சாலை என்றுதான் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட பழைய சாலையில் குழி விழுந்தால்தான் சிக்கல் தெரியும். ஊராட்சியில் கேட்டால், "அது ஹைவேஸ் ரோடுங்க". ஹைவேஸ் அலுவலகத்தில் கேட்டால், "யூனியன் ரோடு, பி.டி.ஓ.வைப் பாருங்க". பேர் பெரிது, பொறுப்பேற்க ஆளில்லை.

சட்டத்தில் இதற்கு விடை உண்டு. தேசிய, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை என வகைப்படுத்தப்பட்டவை போக, ஊருக்குள் இருக்கும் பொதுச்சாலைகள் கிராம ஊராட்சியைச் சேரும் என்கிறது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அவற்றைப் பராமரிப்பதும் ஊராட்சியின் கடமையே. சேரும் என்பதற்காக ஊராட்சி அவற்றை விற்கவோ தனியாருக்கு விடவோ முடியாது. மக்கள் நடப்பதற்காகக் காத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குண்டும் குழியும்கூடச் சரிசெய்யக் கூடியவை. சாலையே காணாமல் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. வரப்பு ஆண்டுக்கு ஒரு முழம் நகரும், சர்வே கல் மண்ணுக்குள் போகும், புளியமரம் ஒருநாள் வேலிக்கு உள்ளே நிற்கும். ஆக்கிரமித்த பொதுச்சாலையை மீட்க உள்ளாட்சி வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 30 ஆண்டு. இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தால் அது எளிதாகக் கரைந்துவிடும்.

அதனால் தார் கேட்டு மனு எழுதுவதற்கு முன் பதிவேட்டைக் கேளுங்கள். வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு, அ-பதிவேட்டில் அது புறம்போக்கு, பாதை என்று இருக்கிறதா பாருங்கள். எஃப்.எம்.பி. எனும் புல அளவை வரைபடத்தில் பாதையின் அகலத்தை அளவோடு கணக்கிடலாம். களத்தில் டேப் பிடித்தால் எத்தனை மீட்டர் குறைகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஊராட்சி, ஒன்றியம், நெடுஞ்சாலைத் துறை மூன்றுக்கும் தனித்தனியே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன், "இந்தச் சாலை உங்கள் பதிவேட்டில் உண்டா? கடைசியாக எப்போது, எவ்வளவு செலவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் வந்த பதிலை எந்த அதிகாரியும் பிறகு வாய்வார்த்தையால் மாற்ற முடியாது.

ஆக்கிரமிப்பு இருந்தால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தாரிடம் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். வழியை மறித்துத் தொல்லை செய்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் அகற்ற உத்தரவிடலாம். பழுதான சாலையால் உயிர்போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு பொறுப்பான அதிகார அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. போன உயிருக்கு இது மிகச் சிறிய தொகை, ஆனாலும் அதைக் கேட்காமல் விடக்கூடாது.

சாலையை அகலப்படுத்துவதாகச் சொல்லி ஓரத்து மரத்தை வெட்ட வந்தால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடும். அடுத்த கூட்டத்துக்கு வரைபட நகலோடு போங்கள். சாலையை அளந்து கல் நடக் கோரும் தீர்மானத்தை எழுதவைத்து, அதன் நகலையும் வாங்கி வாருங்கள்.